அளவு: ஒரு முறை

ஜூன் 7

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? உன் மனைவியும் குட்டியும் சௌக்கியமா? போனில் பேசினால் நாம் இருவரும் "சாப்டியா, தூங்கினியா" என்பதைத் தாண்டுவதில்லை. அதனால்தான் நூலகத்தில் மதிய இடைவேளையில் உட்கார்ந்து இந்த மின்னஞ்சலைத் தட்டுகிறேன்.

அப்பாவின் கணினி மறுபடியும் படுத்துவிட்டது. ஒரு வருடத்தில் இது மூன்றாவது முறை. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஏதோ ஒரு புரோகிராம் இலவசம் என்று வந்ததாம். நிறுவியிருக்கிறார். மறுநாள் காலையில் எந்தப் படமும் திறக்கவில்லை, எந்தக் கோப்பும் திறக்கவில்லை. எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம் என்று ஒரு சிவப்புத் திரை மட்டும் வந்து நின்றது. பழுது பார்க்கும் கடைக்காரர் மொத்தத்தையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்.

"ஏம்ப்பா அதுக்கு ஆம்னு அழுத்தினீங்க?" என்று கேட்டேன்.

"ஆம், இல்லைன்னு ரெண்டு இருந்துச்சு. 'அனுமதிக்கிறீர்களா'ன்னு அவ்வளவு மரியாதையாக் கேக்குறான். மூஞ்சில அடிச்ச மாதிரி இல்லைன்னு எப்படிம்மா சொல்றது?"

சிரித்துவிட்டேன். பிறகு அம்மாவின் படங்களும் அதோடு போய்விட்டன என்பது நினைவுக்கு வந்தது. பாதி உன்னிடம் இருக்கும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். இருக்கிறதா? அவர் வெளியே எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. மூன்று நாளாக வெறும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

உனக்கு இதுதானே வேலை. ஒரு வழி சொல்.

அன்புடன்,
அக்கா

*

ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா படங்கள் என்னிடம் நூற்றுப் பத்து இருக்கின்றன. மீதி போனது போனதுதான். அனுப்பி வைக்கிறேன்.

இந்த மருத்துவமனையில் நாலாயிரம் கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். சொந்த அப்பாவின் ஒரு கணினியைக் காப்பாற்ற முடியவில்லை. என் மேலதிகாரிக்குத் தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்.

விஷயம் இதுதான். அப்பா எப்போதும் நிர்வாகியாகவே உள்ளே நுழைகிறார். அந்தக் கணக்கில் இருப்பவர் எதையும் நிறுவலாம், எதையும் அழிக்கலாம். அவர் வழியாக உள்ளே வருகிற கிருமிக்கும் அதே அதிகாரம் கிடைத்துவிடும். படிக்க, எழுத, பாட்டுக் கேட்க, என்னோடு பேச, இதற்கெல்லாம் அந்த அதிகாரம் வேண்டாம். சாதாரணக் கணக்கு போதும். எங்கள் வீட்டில் நானே சாதாரணக் கணக்கில்தான் இருக்கிறேன். ஏதாவது நிறுவ வேண்டுமென்றால் மட்டும் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடுப்பேன். ஒரு வேலைக்கு ஒரு முறை. முடிந்ததும் வெளியே வந்துவிட வேண்டும்.

அதனால் இப்படிச் செய். 'நிர்வாகி' என்று தனியாக ஒரு கணக்கு உண்டாக்கு. கீழே கொடுத்திருக்கும் பதினெட்டு எழுத்தை அதற்குக் கடவுச்சொல்லாகப் போடு. அர்த்தமே இல்லாத எழுத்துக்கள்; கடவுளே வந்தாலும் ஊகிக்க முடியாது. ஒரு காகிதத்தில் எழுதி உன் கைப்பையில் வைத்துக்கொள். பிறகு அப்பாவின் கணக்கைச் சாதாரணமாக மாற்றிவிடு. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். நானும் அப்பாவும் ஞாயிறுதோறும் முகம் பார்த்துப் பேசுகிற புரோகிராமையும் எல்லாருக்கும் பொதுவாக நிறுவிவிடு.

ஒன்று மட்டும். அப்பாவிடம் கடவுச்சொல்லைச் சொல்லாதே. சொன்னால் நாலாவது முறையும் கடைக்காரரிடம் போக வேண்டியிருக்கும். உனக்குத் தெரியும் என்றும் காட்டிக்கொள்ளாதே. கேட்டால் என் தலையில் போட்டுவிடு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
தம்பி

*

ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு,

செய்துவிட்டேன். அப்பா கண் மருத்துவரிடம் போயிருந்த நேரத்தில் செய்தேன். ஏதோ திருடுவது போல இருந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உன் பட்டியலை ஒவ்வொன்றாக முடித்தேன்.

மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. நேற்றுச் சதுரங்கம் விளையாடுகிற ஒன்றை நிறுவப் பார்த்திருக்கிறார்.

"யாரும்மா இந்த நிர்வாகி?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்கு வந்தார். "ஒரு பெட்டி வந்து நிக்குது. நிர்வாகியின் கடவுச்சொல்லை இடவும்னு சொல்லுது. இத்தனை நாளா நான்தானே எல்லாம்?"

"தம்பிதாம்ப்பா ஏதோ மாத்தியிருக்கான். எனக்குத் தெரியாது" என்றேன். காகிதம் என் கைப்பையில் இருந்தது. கைப்பை எங்கள் இருவருக்கும் நடுவில், மேசைமேல் இருந்தது.

"துரை வேலையா?" என்றார். "காரணமில்லாம செய்ய மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

உனக்கு நினைவிருக்கிறதா? முப்பத்திரண்டு வருடம் தொழிற்சாலையின் உதிரிபாகக் கிடங்கு அவர் கையில் இருந்தது. இன்னது வேண்டும் என்று எழுதிய இண்டெண்ட் சீட்டு இல்லாமல் ஒரு போல்ட் வெளியே போகாது. சொந்த மேலாளருக்கே சீட்டு எழுதாமல் டார்ச் விளக்குத் தர மாட்டேன் என்று நின்றவர். நமக்குப் பென்சில் வேண்டுமென்றால்கூடச் சீட்டு எழுத வைப்பாரே. தேவை: பென்சில். அளவு: ஒன்று. காரணம்: தீர்ந்துவிட்டது. நீ ஒருமுறை 'காரணம்: அக்கா கடித்துவிட்டாள்' என்று எழுதினாய், அதற்கும் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அப்படிப்பட்டவருக்குச் சொன்னால் புரியாதா? சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

அன்புடன்,
அக்கா

*

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது. குட்டிக்கும் பத்து நாள் காய்ச்சல். இப்போது பரவாயில்லை.

அப்பாவிடம் சொல்லலாமா என்று கேட்டிருந்தாய். எனக்கு இப்போது அந்த ஆசையே போய்விட்டது. ஜூலை மாதம் நாலு ஞாயிறும் ஆறு மணிக்குக் கூப்பிட்டேன். நாலு தடவையும் எடுக்கவில்லை. பத்து வருடமாக ஞாயிறு ஆறு மணி என்றால் ஐந்தே முக்காலுக்கே காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். முடி கலைந்திருந்தால்கூடச் சீவிவிட்டு வந்து உட்காருவார். இப்போது மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. காய்ச்சலோடு இருந்த குட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிறு கூப்பிட்டேன். தாத்தா எங்கே என்று அவள் கேட்டாள்.

ஒரு கணினியில் அதிகாரத்தை எடுத்ததற்கு இவ்வளவு வீம்பா? நான் சொன்னது அவர் நல்லதுக்குத்தானே. சரி, கோபம் தீரும்போது அவரே கூப்பிடட்டும். நான் இனிக் கூப்பிடுவதாக இல்லை. நீயும் நடுவில் புகுந்து சமாதானம் பேசாதே.

தம்பி

*

ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தை மூடிவிட்டு நான் வீடு வந்து சேர எட்டு மணி ஆகிவிடுகிறது. நீங்கள் பேசி முடித்திருப்பீர்கள் என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ வேண்டாம் என்று சொல்லியும் கேட்டேன். "ஏம்ப்பா, தம்பி கூப்பிட்டா நீங்க பேசறதில்லையாமே?"

அவர் முகம் மாறியது. "கூப்பிட்டானா?" என்றார். பிறகு, "அவனுக்கு வேலை இருக்கும்மா. நேரம் வரும்போது பேசிக்கலாம்."

"என் போன்ல காட்டட்டுமா? இப்பவே கூப்பிடலாம்."

"அதுல அவன் மூஞ்சி கட்டைவிரல் அளவுதான் தெரியும். உதடு தெரியாது. உதடு தெரியலன்னா எனக்கு என்ன காது கேக்குது? நான் கம்ப்யூட்டர்லயே பாத்துக்கறேன். நீ அவன்கிட்ட ஒண்ணும் சொல்லாத."

பிடி கொடுக்காமல் நழுவுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. உன்னைப் போலவேதான் அவரும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் நான்.

ஆனால் ஒன்று. தினமும் சாயங்காலம் கணினிக்கு முன்னால்தான் இருக்கிறார். பக்கத்தில் ஒரு நோட்டு. நான் போனால் மூடிவிடுகிறார். நேற்று, "துரைக்குச் சின்ன வயசுல ஒரு நாய் இருந்துச்சே, அதைக் கடைசியா என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டான்?" என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு அறைக்குள் போனார். உன்மேல் வீம்பாக இருக்கிறவர் உன் நாயை ஏன் நினைக்கிறார்? நீயே ஒரு வார்த்தை எழுதேன்.

அன்புடன்,
அக்கா

*

செப்டம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாயைப் பற்றி நீ எழுதியதைப் பல தடவை படித்துவிட்டேன்.

நான் செய்தது சரியான காரியம். செய்த விதம் தப்பு. இங்கே மருத்துவமனையில் புதிதாக வந்த ஒரு மருத்துவரின் கணினியில் அதிகாரத்தைக் குறைப்பதாக இருந்தால்கூட நான் எதிரே போய் உட்கார்ந்து, ஏன் என்று சொல்லி, அவர் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் குறைப்பேன். அப்பாவுக்கு மட்டும் அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துச் செய்யச் சொன்னேன்.

அந்தக் காகிதத்தை அவர் கையில் கொடுத்துவிடு. எப்போது பயன்படுத்த வேண்டும், எப்போது கூடாது என்று நான் உனக்கு எழுதியதையே படித்துக் காட்டு. சாவியை எப்படி வைத்துக்கொள்வது என்று அவருக்கா நாம் சொல்லித் தர வேண்டும்? டிசம்பரில் வருகிறேன். குட்டியையும் கூட்டி வருகிறேன். இதை மட்டும் நீ அவரிடம் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை நானே சொல்கிறேன், எடுத்தால்.

அன்புடன்,
தம்பி

*

அக்டோபர் 5

அன்புள்ள தம்பிக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. நாலு நாள் நீ இங்கே இருந்தாய். வந்தவர்களுக்கு நாற்காலி போடவும், பதில் சொல்லவும், கையெழுத்துப் போடவுமே நேரம் சரியாக இருந்தது. விமான நிலையத்தில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாய். "எங்கிட்டப் பேசாமலே போயிட்டாருக்கா." அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். எழுதலாமா கூடாதா என்று எட்டு நாள் யோசித்தேன்.

முதலில் என் குற்றம். செப்டம்பர் நாலாம் தேதி நீ எழுதிய கடிதத்தை மறுநாள் வெள்ளிக்கிழமை மதியம் படித்தேன். அன்று சாயங்காலமே காகிதத்தைக் கொடுத்திருக்கலாம். ஞாயிறு காலையில் நிதானமாக உட்கார்ந்து கொடுக்கலாம், எனக்குத் தெரியாது என்று பொய் சொன்னதற்கும் அப்போதே மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தபோதும் என் கைப்பை தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

போன சனிக்கிழமை அவர் கணினியைத் திறந்தேன். நீ அனுப்பிய அம்மா படங்களை எனக்கும் ஒரு பிரதி எடுக்கலாமென்று. திறந்ததும் உன்னோடு பேசுகிற புரோகிராம் முன்னால் வந்து நின்றது. 'இது பழைய பதிப்பு. புதுப்பித்தால்தான் தொடரலாம்' என்றது. புதுப்பிக்க என்று அழுத்தினேன். அந்தப் பெட்டி வந்தது. நிர்வாகியின் கடவுச்சொல்லை இடவும்.

தம்பி, எனக்கு எல்லாம் புரிய அரை நிமிடம்கூட ஆகவில்லை.

நீ எழுதிய பட்டியல் சரியான பட்டியல். அதில் எல்லாம் இருந்தது, இது ஒன்றைத் தவிர. எல்லாருக்கும் பொதுவாக நிறுவினால் அதைப் புதுப்பிக்கவும் நிர்வாகி வேண்டும். ஜூலை முதல் வாரம் அது புதுப்பிக்கக் கேட்டிருக்கிறது. அன்றிலிருந்து அது அவருக்குத் திறக்கவே இல்லை. உன் மணி அங்கே அடித்தது, இங்கே அடிக்கவில்லை. எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிவிட்டிருந்ததால் என்னிடம் கேட்க அவருக்கு எதுவும் இல்லை. உன்னிடம் கேட்கலாம். ஆனால் உன்னைக் கூப்பிட அவருக்கு இருந்தது அந்த ஒரு வழிதான். நீ கூப்பிட்டாய் என்று நான் சொன்னபோது ஏன் முகம் மாறியது என்று இப்போது தெரிகிறது. அதுவரை, நீதான் கூப்பிடுவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த நோட்டு மேசை இழுப்பறையில் இருந்தது. கிடங்குப் பதிவேடு மாதிரியே கோடு போட்டு, தேதி போட்டு வைத்திருக்கிறார். ஒரு நாளைக்கு மூன்று. அதற்கு மேல் தப்பாகப் போட்டால் ஒரேயடியாகப் பூட்டிவிடும் என்று பயந்திருப்பார் போல. கடவுச்சொல் என்னவாக இருக்கும் என்று ஊகித்து ஊகித்துப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இல்லை' என்று எழுதியிருக்கிறார்.

உன் பத்தாம் வகுப்புத் தேர்வு எண். எனக்கே மறந்துவிட்டது, அவருக்கு நினைவிருக்கிறது. பழைய வீட்டின் கதவு எண். அம்மா பிறந்த நாள். அம்மா போன நாள். குட்டி பிறந்த நாள், முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும். உன் மனைவியின் பெயரை மூன்று விதமாக எழுதிப் பார்த்திருக்கிறார். நாயின் பெயர் ஆகஸ்ட் எட்டாம் தேதியில் இருக்கிறது. நீ முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த தேதி. நீ சின்ன வயதில் என்னைக் கூப்பிட்ட பட்டப்பெயர். இப்படிப் பதினாறு பக்கம்.

'அப்பா' என்று ஒரே ஒருமுறை எழுதியிருக்கிறார். அதற்கு எதிரே 'இல்லை' என்று எழுதவில்லை. 'இருக்காது' என்று எழுதி, போட்டுப் பார்க்காமலே கோடு போட்டு அடித்துவிட்டிருக்கிறார்.

தன் பையன் கடவுச்சொல் வைத்தால் அவன் மனதுக்குப் பிடித்த ஒன்றைத்தான் வைத்திருப்பான் என்று நம்பியிருக்கிறார். கைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பதினெட்டு எழுத்து. யாரோடும் ஒட்டாத எழுத்துக்கள்.

நோட்டின் நடுவில் மடித்த ஒரு தாள் இருந்தது. ஆகஸ்ட் பத்தாம் தேதி போட்டிருக்கிறது. நீ கூப்பிட்டாய் என்று நான் சொன்ன மறுநாள் என்று நினைக்கிறேன். அவர் கையெழுத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

பெறுநர்: நிர்வாகி
தேவை: அனுமதி
அளவு: ஒரு முறை
காரணம்: பையனைப் பார்க்க
கோருபவர்: கையொப்பம் இருக்கிறது
அனுமதித்தவர்:

அவ்வளவுதான். சீட்டு எழுதியிருக்கிறார். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் உள்ளே வைத்துவிட்டார். அளவு என்ன போட்டிருக்கிறார் பார். நீ எனக்கு ஒரு பக்கம் எழுதி விளக்கியதை யாரும் சொல்லாமலே அவர் தெரிந்து வைத்திருந்தார். ஒரு வேலைக்கு, ஒரு முறை. நாம் எதிரே உட்கார்ந்து சொல்லியிருந்தால் அவரே தன் கையால் தன் கணக்கை மாற்றிவிட்டு, சாவியை என்னிடம் நீட்டி, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்தும் வாங்கியிருப்பார்.

கடவுச்சொல்லைப் போட்டேன். ஆம் என்று அழுத்தினேன். இரண்டு நிமிடத்தில் புதுப்பித்துக்கொண்டு திறந்தது. திறந்ததும் உன் அழைப்புகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. ஜூலை ஆறிலிருந்து ஆகஸ்ட் முப்பத்தொன்று வரை, ஒன்பது ஞாயிறு, ஒன்பதும் ஆறு மணி. இனிக் கூப்பிட மாட்டேன் என்று எனக்கு எழுதினாய். ஒரு வாரம்கூட நீ விடவில்லை.

இதைச் சொல்லாமல் விட்டால் அப்பா உன்மேல் கோபத்தோடு போனார் என்று வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பாய். சொன்னால் இதைச் சுமக்க வேண்டும். எது கனம் குறைவு என்று எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் கேட்காமல் நானே முடிவு செய்வதும் நாம் அவருக்குச் செய்ததைப் போலத்தான் என்று தோன்றியதால் எழுதிவிட்டேன்.

எழுது. திட்டுவதாக இருந்தாலும் எழுது.

அக்கா

*

நவம்பர் 16

அன்புள்ள தம்பிக்கு,

ஆறு வாரமாகிவிட்டது. உன் மனைவி போன் செய்தாள். நீ வேலைக்குப் போய் வருகிறாய், சாப்பிடுகிறாய், குட்டியோடு மட்டும் பேசுகிறாய் என்றாள். டிசம்பருக்கு எடுத்த டிக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னாள்.

அப்பாவின் கணக்கை நீக்கவில்லை. நீக்கலாமா என்று ஒருமுறை நான் தொட்டபோது, 'இவருடைய கோப்புகள் அனைத்தும் அழிந்துவிடும், தொடர வேண்டுமா' என்று கேட்டது. இல்லை என்று அழுத்தினேன். எனக்கென்று சாதாரணக் கணக்கு ஒன்று வைத்துக்கொண்டேன். அதற்கு நான் வைத்திருக்கும் கடவுச்சொல்லை நீ ஊகித்துவிடுவாய்.

நூலகத்தில் கேட்டு ஞாயிற்றுக்கிழமை முறையை மாற்றி வாங்கிவிட்டேன். ஐந்தே முக்காலுக்கு அவர் நாற்காலியில் உட்காருகிறேன். ஹெட்ஃபோன் எனக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. ஆறேகால் வரைக்கும் இருந்துவிட்டு எழுந்து விளக்கு போடுகிறேன்.

நீ இதற்குப் பதில் எழுத வேண்டாம். இந்த வாரம் உன்னோடு பேசுகிற புரோகிராம் மறுபடியும் புதுப்பிக்க வேண்டுமென்று கேட்டது. செய்துவிட்டேன்.

அக்கா